மார்க் பெலாஞ்சர்: பேஸ்பால் கேள்வி பதில்

கே: .228 பேட்டிங் சராசரியை வைத்துக்கொண்டு பெலாஞ்சர் 18 சீசன் எப்படித் தாக்குப்பிடித்தார்?

ப: 1965 முதல் 1981 வரை பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி, கடைசி வருடம் டாட்ஜர்ஸ் அணி. மொத்தமே 20 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி). சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். சீசனுக்கு 450 தடவை மட்டை பிடித்தால் .228 காரருக்கும் .258 காரருக்கும் வித்தியாசம் 13, 14 ஹிட்தான் (ஹிட் என்றால் பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டுவது). சீசன் ஆறு மாதம் நடக்கிறது. ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே, தடுக்க நிற்பவர் மற்றவர்கள் விடுகிற பந்தை வாரத்துக்கு ஒன்று பிடித்து அவுட் ஆக்கினாலே அந்தக் கடன் அடைந்து மிச்சமும் நிற்கும். பெலாஞ்சர் அதைச் செய்தார். அவருக்கு வலப்பக்கம் மூன்றாம் பேஸில் ப்ரூக்ஸ் ராபின்சன். அந்த இருவருக்கும் நடுவே தரையோடு ஒரு பந்தை ஓட்டிவிடுவது பெரும்பாடு. 1971ல் ஓரியோல்ஸின் நான்கு பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) ஆளுக்கு 20 ஆட்டம் ஜெயித்தார்கள், அதில் பின்னால் நின்றவர்களுக்கும் பங்கு உண்டு. பேட்டிங் சராசரியை மட்டும் பார்த்து ஆளை எடை போடாதீர்கள்.

கே: கிரிக்கெட்டில் 22 சராசரி மாதிரியா?

ப: இல்லை. கிரிக்கெட் சராசரி ரன் கணக்கு, இது ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் எத்தனை ஹிட் என்ற விகிதம். .300 தொட்டாலே நல்ல பேட்டர்.

கே: மேனேஜர் எர்ல் வீவர் அவருடைய பேட்டிங்கை நம்பினாரா?

ப: தடுப்பை நம்பினார். 1975 செப்டம்பரில் வெளியூர் ஆட்டங்கள் சிலவற்றில் ராய்ல் ஸ்டில்மேனை ஷார்ட்ஸ்டாப் என்று பட்டியலில் போட்டு, முதல் ஆளாக பேட்டிங் செய்ய விட்டு, ஓரியோல்ஸ் களத்தடுப்புக்கு இறங்கும்போது அவரை எடுத்துவிட்டு பெலாஞ்சரை அனுப்பினார். விதிப்படி சரிதான். பெலாஞ்சர் ஒரு தடவை மட்டை பிடிப்பது தவிர்ந்தது, தடுப்பில் ஒரு பந்துகூட நஷ்டமில்லை.

கே: அவருடைய எட்டு கோல்ட் க்ளவ் (சிறந்த தடுப்புக்கான விருது) எல்லாம் பெயரைப் பார்த்து விழுந்த ஓட்டுதானே?

ப: மேனேஜர்களும் கோச்சுகளும் போட்ட ஓட்டு, அதில் பழக்கதோஷம் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பந்தும் எங்கே போனது, யார் பிடித்தார் என்ற பழைய ஆட்டக் குறிப்புகளை வைத்துப் பிற்காலத்தில் கணக்கிட்டவர்களும் அவரைத்தான் உச்சியில் வைக்கிறார்கள். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் தடுப்பு மதிப்பீட்டில் இன்னொரு ஷார்ட்ஸ்டாப்பான ஆஸி ஸ்மித்துக்கு அடுத்த இடம் இவருக்கு.

கே: மேலே கேட்டவருக்கு நான் சொல்கிறேன், எர்ரர் (பிடித்திருக்க வேண்டிய பந்தைக் கோட்டைவிட்ட தவறு) எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே!

ப: தெரியாது. எட்டாத பந்துக்கு எர்ரர் எழுதமாட்டார்கள். கால் நகராதவனுக்கும் எர்ரர் குறைவாகத்தான் இருக்கும். இருவருமே தயவுசெய்து எத்தனை பந்தை எட்டினார் என்று பாருங்கள்.

கே: அப்படியென்றால் ஆஸி ஸ்மித் மட்டும் ஏன் ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பால் சாதனையாளர்களின் கௌரவப் பட்டியல்)?

ப: ஆஸியின் பேட்டிங் தேறியது, 1987ல் .303 அடித்தார், வாழ்நாளில் 580 பேஸ் திருடினார் (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). பெலாஞ்சரிடம் இவை இல்லை. அந்த வித்தியாசம் நியாயமானது. ஆனால் தரையோடு வரும் பந்தைப் பிடித்து முதல் பேஸுக்கு எறிவதில் இருவருக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு.

கே: .228 என்றால் மோசம்தானே?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: மென்டோசா லைன் (மோசமான பேட்டிங்குக்குச் சொல்லும் .200 எல்லை) இவரை வைத்தா வந்தது?

ப: மரியோ மென்டோசா வேறு ஆள். அவர் சராசரி .215.

கே: ஓய்வுக்குப் பிறகு?

ப: ஓய்வுக்கு முன்பே, 1981 வேலைநிறுத்தத்தில் வீரர்கள் தரப்பில் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தவர்களில் ஒருவர். அப்புறம் வீரர் சங்கத்திலேயே வேலை. 1998ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது வயது 54.

கே: இவ்வளவு குறைந்த சராசரியோடு எப்படி...

ப: முதல் பதில். 13, 14 ஹிட்.