மகள் புரோஸ்டேட் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மருத்துவப் படிப்பு வேண்டாம், புரோஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோயில் ஸ்டெம் செல் (புதுச் செல்களை உருவாக்கும் மூலச் செல்) ஆராய்ச்சிதான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். 'ஆண்களுக்கு வரும் நோய், பெண் பிள்ளைக்கு எதற்கு?' என்ற கேள்வியை மட்டும் அவளிடம் கேட்காதீர்கள். சிரித்துவிடுவாள்.

அவள் எதில் மயங்கியிருப்பாள் என்று ஊகிக்க முடிகிறது. ஆண் எலியின் விதைகளை எடுத்துவிட்டால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வற்றி, புரோஸ்டேட் சுருங்கிவிடும். டெஸ்டோஸ்டிரோனைத் திரும்பக் கொடுத்தால் பழையபடி வளரும். நிறுத்தினால் மறுபடி சுருங்கும், கொடுத்தால் மறுபடி வளரும். அந்தப் பஞ்சகாலத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்து, பிறகு உறுப்பையே எழுப்பும் செல்கள் எவை?

இதற்குப் பதில் தேடிய கதை சுவாரஸ்யமானது. சுரப்பிக் குழாயின் சுவரில் உள்வரிசை, அடிவரிசை என்று இரண்டு வகைச் செல்கள் உண்டு. ஹார்மோன் இல்லாமலும் தாக்குப்பிடிக்கும் அரிய உள்வரிசைச் செல்களே ஸ்டெம் செல்களாக வேலை செய்கின்றன, அவற்றிலிருந்து புற்றுநோயும் தொடங்கலாம் என்று 2009இல் எலிகளில் காட்டினார்கள். அடுத்த ஆண்டே, மனித அடிவரிசைச் செல்களிலிருந்தும் புற்றுநோய் உருவாக முடியும் என்று வேறொரு குழு காட்டியது. வேடிக்கை என்னவென்றால், திசுப் பரிசோதனையில் அடிவரிசை காணாமல் போயிருப்பதுதான் இந்தப் புற்றுநோயின் முக்கிய அடையாளம். 2020இல் இன்னொரு திருப்பம்: தப்பிப் பிழைத்த சாதாரண உள்வரிசைச் செல்களே எலியின் உறுப்பை மீட்டெடுக்கின்றன என்றார்கள்.

இது எலிக் கதையோடு முடியவில்லை. ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்றுநோய் அடங்கும் என்று 1941இல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர். 1966இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் முற்றிய நோய் அடங்கியபின் பெரும்பாலும் திரும்பி வருகிறது. எந்தச் செல் வழியாக வருகிறது என்பதில்தான் உங்கள் மகளின் கேள்வி நிற்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். பட்டம், முதுகலை, முனைவர் பட்டம் என்று பாதை நீளம். பேராசிரியர் பதவிகள் குறைவு, இதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் செல் வளர்ப்பும், ஒற்றைச் செல் தரவுகளை (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து எடுத்தவை) கணினியில் அலசும் திறமையும் சேர்ந்து இருந்தால் மருந்து நிறுவனங்கள், நோயறிதல் ஆய்வகங்கள், மருந்துச் சோதனைக் குழுக்கள் என்று பல கதவுகள் உண்டு. உயிரியலோடு புள்ளியியலும் நிரல் எழுதவும் இப்போதே படிக்கச் சொல்லுங்கள். 'ஸ்டெம் செல் நிபுணர்' என்று சில வாரங்களில் சான்றிதழ் தரும் பயிற்சிகளுக்குப் பணம் கட்டாதீர்கள்.

மதிப்பெண்ணைவிட எனக்கு முக்கியம் வேறொன்று. செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. 37 டிகிரி பெட்டியில் இருக்கும் அவற்றுக்கு நாள் தவறாமல் போய் ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும். ஆறு வாரம் வளர்த்தது ஒரு காலையில் கலங்கி, இளஞ்சிவப்புத் திரவம் மஞ்சளாகி நிற்கும். பாக்டீரியா புகுந்துவிட்டது, அவ்வளவுதான், கொட்ட வேண்டியதுதான்.

அதனால் இந்த விடுமுறையில் ஏதாவது ஒரு செல் வளர்ப்பு ஆய்வகத்தில் ஒரு மாதம் உதவியாளராக இருக்க ஏற்பாடு செய்யுங்கள். எந்த உறுப்பின் செல் என்றாலும் பரவாயில்லை. கெட்டுப்போன தட்டைக் கொட்டிவிட்டு வந்த நாளில் வீட்டில் என்ன பேசினாள் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். அப்புறம் கல்லூரிகளைப் பார்க்கலாம்.