மெட்ரோ வாட்டர் லாரியை நம்பாமல் வீட்டில் வளர்க்கக்கூடிய நம்மூர்ப் பூச்செடி எது?

ஆவாரை. வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

வடசென்னை கொடுங்கையூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடி மண் தரை உண்டு. 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்துக்கிடந்த நாட்களில் அங்கிருந்த ரோஜாவும் மல்லியும் கருகின. அப்புறம்தான் ஆவாரை யோசனை. நர்சரியில் கேட்டு வாங்கி வந்தேன். இலை உள்ளங்கை நீளம் வளர்ந்தபிறகுதான் அது சீமை அகத்தி என்று தெரிந்தது. "காட்டுல தானா மொளைக்கறத காசு குடுத்து வாங்கினு வந்த, அதையும் தப்பா வாங்கினு வந்துக்கிற!" என்று ஆயா ஒரு வாரம் சிரித்தது.

நீங்கள் ஏமாறாமல் இருக்க: ஆவாரையின் சிற்றிலை சின்னது, விரல்நுனி அளவுதான். இலைக்காம்பு தண்டைத் தொடும் இடத்தில் காது மடல் போல ஒரு வட்டமான செதில் இருக்கும். அதன் அறிவியல் பெயரில் வரும் 'ஆரிகுலாட்டா' அந்தக் காதைத்தான் சொல்கிறது.

பிறகு செங்குன்றம் தாண்டி ரோட்டோரத்தில் காய்ந்த நெற்றுகளைப் பறித்து வந்தேன். விதைத்தோல் கல் மாதிரி. அப்படியே ஊன்றியதில் ஒன்றுகூட எழவில்லை. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்க வெந்நீரில் ஊறவிட்டு, காலையில் உப்பியிருந்ததை மட்டும் ஊன்றினேன், முளைத்தது. ஆணிவேர் ஆழமாகப் போகும், பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். அதனால் நிற்கவேண்டிய இடத்திலேயே, நல்ல வெயிலில் விதையுங்கள்.

வறட்சியை அது பொருட்படுத்தாது, ஆனால் தேங்கும் தண்ணீர் ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளத்தில் இருந்த இரண்டு செடிகள் அழுகின. செங்கல் ஜல்லி கலந்து மேடு கட்டி வைத்தது பிழைத்தது. வடசென்னையில் பாதித் தெருக்கள் பள்ளம்தான், மேடு கட்டாமல் வைக்காதீர்கள். முதல் சில மாதம் மண் காய்ந்தால் ஊற்றுங்கள். வேர் பிடித்தபின் நான் மே மாதத்தில் வாரம் ஒரு குடம், அதுவும் பாத்திரம் அலசிய தண்ணீர், ஊற்றுகிறேன். மற்ற நாட்களில் ஒன்றுமில்லை.

இலையில் பச்சைப் புழு வந்தால் மருந்தடிக்காதீர்கள். நானும் முதலில் வேப்பெண்ணெய் கரைத்தேன். அவை வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் பிள்ளைகள்; செடி மறுபடி துளிர்த்துவிடும். காலையில் பூவருகே நின்றால் கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு விர்ரென்று அதிர்வது கேட்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனியில் இருக்கும் துளை வழியாக, உலுக்கினால்தான் உதிரும்.

சர்க்கரைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால், பூ டீயை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

போகியன்று பூளைப்பூவோடு சேர்த்துக் கட்ட ஆயா முன்பெல்லாம் மார்க்கெட்டில் ஆவாரம்பூ வாங்கும். இப்போது தெருவே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. வண்டுக்கு ஒரு கிளையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சவேண்டியிருக்கிறது.