இத்தாலில கார் வாடகைக்கு எடுக்காம பக்கத்து ஊருக்கெல்லாம் டே ட்ரிப் போக முடியுமா?

தாராளமா முடியும். டே ட்ரிப்னா ஒரே ஊர்ல ரூம் போட்டு பெட்டிய அங்கயே வச்சிட்டு, காலைல கிளம்பி ராத்திரி திரும்பிடுறது. அதுக்கு ஃப்ளாரன்ஸ் தான் என் சாய்ஸ், பீசாவுக்கு ரயில்ல ஒரு மணி நேரம், லூக்காவுக்கு ஒன்றரை, பொலோனியாவுக்கு அதிவேக ரயில்ல முக்கால் மணி நேரம் கூட ஆகாது.

கார் ஏன் வேணாம்னா, பழைய ஊர்களோட நடுப்பகுதிக்குள்ள வெளி வண்டி நுழையவே கட்டுப்பாடு இருக்கு (இசட்.டி.எல்.னு போர்டு இருக்கும்), கேமரா நம்பர பிடிச்சு அபராதம் வீட்டுக்கே வந்துடும், ஆனா ரயில் பெரும்பாலும் ஊருக்கு நடுவுலயோ நடக்குற தூரத்துலயோ இறக்கி விட்டுடும். சியன்னா ஒரு விதிவிலக்கு, ஊர் மலை மேல, ஸ்டேஷன் மலைக்கு கீழ இருக்கு, அதனால பஸ்ல போங்க.

ரெஜியோனாலேங்கிற உள்ளூர் ரயில் டவுன் பஸ் மாதிரி, தூரத்துக்கு ஏத்த ஒரே ரேட்டு. அதிவேக ரயில் ஃப்ளைட் மாதிரி, லேட்டா எடுத்தா விலை ஏறும். ரெஜியோனாலேக்கு பேப்பர் டிக்கெட்னா ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல இருக்குற மெஷின்ல முத்திரை குத்திடுங்க.

எல்லா டிக்கெட்டும் மாசக்கணக்கா முன்னாடியே எடுக்கணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ரெஜியோனாலேக்கு அது தேவையே இல்ல, அன்னைக்கு காலைல எடுத்தாலும் அதே விலை தான்.