ஐஸ் வண்டியும் நாலு டவரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கரையிலும் பக்கத்து ஊர்களிலுமாக இரண்டு மாதத்தில் நாலு நாட்டுப்படகு என்ஜின்கள் திருட்டுப் போயின. என் மச்சான் ஐஸ் வண்டி ஓட்டுகிறான். நாலு இடத்து டவரிலும் உன் நம்பர் விழுந்திருக்கிறது என்று அவனை மூன்று நாள் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். கேட்டால் ‘அனாலிசிஸில் வந்திருக்கு’ என்றார்களாம். குற்றப் பகுப்பாய்வு என்பது இவ்வளவுதானா? டவர் காட்டினால் ஆள் அங்கே நின்றதாக ஆகிவிடுமா?

சே.

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது: ஆகாது. போன் கம்பெனி தரும் சி.டி.ஆரில், அதாவது அழைப்பு விவரப் பட்டியலில், ஒரு வரிக்கு என்ன இருக்கும்? யார் யாரை அழைத்தார், தேதி, நேரம், எத்தனை விநாடி, போனின் ஐ.எம்.இ.ஐ. (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்), பேச்சு தொடங்கியபோதும் முடிந்தபோதும் போன் பிடித்திருந்த செல்லின், அதாவது டவரின் ஒரு பக்கத்தின், எண். ஆள் நின்ற இடம் அதில் இல்லை. ஒரு டவர் பொதுவாக மூன்று பக்கமாகப் பிரிந்து, பக்கத்துக்கு 120 பாகை வீசும். ஊருக்குள் கட்டடமும் தென்னந்தோப்பும் அந்த வீச்சைக் குறைக்கும். கடல்மேல் மறிக்க எதுவுமில்லை, அலை பல கிலோமீட்டர் போகும். வலை இழுத்துக்கொண்டிருப்பவனும் கரையில் தூங்குகிறவனும் ஒரே செல் எண்ணில் வரலாம். அரிச்சல்முனையில் நின்றால் இலங்கை சிக்னல் போனில் ஏறுகிறதே, அதை வைத்து நாம் தலைமன்னாருக்குப் போய்விட்டோம் என்று யாராவது சொல்வார்களா?

முதல் கேள்விதான் பெரியது. உங்கள் மச்சான் எப்படி மாட்டியிருப்பார் என்று பார்த்தாலே பகுப்பாய்வு எங்கே கெடுகிறது என்பது தெரிந்துவிடும்.

படகுக்காரர் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு என்ஜினைக் கடைசியாகப் பார்க்கிறார் என்று வையுங்கள். திங்கள் விடிகாலை 4 மணிக்குத் தொழிலுக்குப் போக வரும்போது அது இல்லை. புகாரில் ‘திங்கள் காலை 4 மணி’ என்றுதான் எழுதப்படும். அது திருட்டு தெரியவந்த நேரம். திருட்டு நடந்தது இடையில் உள்ள 34 மணி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். நாலு புகாரும் இப்படியே விழுந்தால், கணினியில் ஏற்றியதும் ‘விடிகாலைத் திருடன்’ ஒருவன் தானாக உருவாகிவிடுவான். பிறகு அந்த நாலு விடிகாலைக்கும் டவர் டம்ப், அதாவது அந்த நேரத்தில் அந்த டவரைத் தொட்ட எல்லா எண்களும், வாங்குவார்கள். நாலிலும் பொதுவாக இருக்கும் எண்ணைத் தேடுவார்கள். விடிகாலையில் ஊர் ஊராகக் கரைக்கு வருவது யார்? ஐஸ் வண்டி, மீன் வண்டி, டீக்கேன் வைத்திருப்பவர். அவர்கள் பட்டியலில் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முறையாகச் செய்பவர் நேரத்தைப் பங்கு போடுவார். 34 மணி நேர இடைவெளி என்றால் ஒவ்வொரு மணிக்கும் 34-ல் ஒரு பங்கு. இன்னொரு என்ஜினை இரவு 1 மணிக்கு ஒருவர் பார்த்திருக்கிறார், 3 மணிக்கு இல்லை என்றால், அந்த இரண்டு மணிக்கும் அரை அரைப் பங்கு. எல்லாத் திருட்டையும் இப்படிப் போட்டு மணிவாரியாகக் கூட்டினால் எந்த நேரம் கனக்கிறது என்று தெரியும். இடைவெளி குறுகிய புகார்தான் இங்கே பொன். நாலே சம்பவத்தில் இந்தக் கூட்டல் திசை காட்டும், அவ்வளவுதான்.

அடுத்தது கழித்தல். திருட்டு நடக்காத நாலைந்து இரவுகளுக்கும் அதே டவர், அதே நேரப் பட்டியல் வாங்க வேண்டும். தினமும் வருகிற எண் இரண்டு பட்டியலிலும் இருக்கும், அதை ஓரமாக வைத்துவிடலாம். திருட்டு இரவில் மட்டும் தலைகாட்டும் எண்தான் கேள்வி கேட்க வேண்டியது. இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டதால்தான் உங்கள் மச்சானின் மூன்று நாள் கூலி போனது என்பது என் அனுமானம். இதிலும் ஓட்டை உண்டு. போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தவன் எந்தப் பட்டியலிலும் வரமாட்டான். வாட்ஸ்அப்பில் பேசியது சி.டி.ஆரில் அழைப்பாக ஏறாது, இணையப் பதிவைத் தனியாகக் கேட்க வேண்டும்.

‘இந்தக் கிழமைகளில்தான் திருடுகிறான்’ என்ற முடிவையும் உடனே நம்பக் கூடாது. விசைப்படகு கடலுக்குப் போகிற நாளில் நாட்டுப்படகு கரையில் கிடக்கும். என்ஜின் அதிகம் கிடக்கிற நாளில் திருட்டும் அதிகம் இருக்கும். அன்று கரையில் எத்தனை என்ஜின் இருந்தது என்பதால் வகுத்துப் பார்த்த பிறகே கிழமைக்கு அர்த்தம் உண்டு.

வரைபடத்தில் சம்பவ இடங்களைச் சுற்றி வட்டம் போட்டுத் திருடன் வீட்டைத் தேடும் முறை நம் கரைக்குச் சரிப்படாது. வட்டத்தில் பாதி கடலாகிவிடும். சாலைத் தூரத்தைத்தான் அளக்க வேண்டும். ஆனால் ராமேசுவரம் தீவில் வசதி ஒன்று இருக்கிறது. வண்டி வெளியேற 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தை விட்டால் வழியில்லை. 9.9 குதிரைத்திறன் என்ஜின் 40 கிலோவுக்குப் பக்கம் வரும், அதைத் தோளில் போட்டுக்கொண்டு யாரும் வெகுதூரம் நடக்க முடியாது. கூட்டலில் பங்கு அதிகம் விழுந்த மணிகளில் பாலம் தாண்டிய சரக்கு வண்டிகளைப் பார்த்து, எதுவும் பொருந்தவில்லை என்றால் இரண்டே வழி: என்ஜின் தீவுக்குள்ளேயே இருக்கிறது, அல்லது கடல்வழி போயிருக்கிறது. அப்போது காற்றைக் கேட்க வேண்டும். வாடைக்காற்று அடிக்கும் மாதத்தில் பெண்கடலே (தீவுக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடா) சீறிக்கொண்டிருக்கும், சின்ன வள்ளத்தில் இரவில் சரக்கு ஏற்றுவது கஷ்டம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண்கடல் (தெற்கே உள்ள மன்னார் வளைகுடா) முரண்டும், பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். இதை ஆபீசில் உட்கார்ந்திருக்கும் பகுப்பாய்வாளருக்கு மென்பொருள் சொல்லாது, கரையில் வலை பின்னுகிறவர் சொல்வார்.

கேமராவில் ஒரு எச்சரிக்கை. கேமரா படத்தைப் பதிந்துவைக்கும் டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரம் பல நிமிடம் தப்பாக ஓடுவது சாதாரணம். பதிவை எடுக்கும்போதே போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துவைக்காவிட்டால், பிறகு டவர் நேரத்தோடு அது ஒட்டாது. பழைய பதிவுமேல் புதியது தானாக ஏறிவிடும், பல இடங்களில் 15 முதல் 30 நாளுக்குள். சி.டி.ஆர். அப்படியில்லை, இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியை மாற்றினார்கள். அதனால் கேமராவுக்குத்தான் முதலில் ஓட வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் கையில் வருவது யாரைக் கேட்பது, யாரை விடுவது என்ற பட்டியல்தான். நீதிமன்றத்தில் நிற்க என்ஜினே கிடைக்க வேண்டும், பிராக்கெட்டில் உள்ள சீரியல் எண் பில்லோடு பொருந்த வேண்டும். மின்னணுப் பதிவின் நகலுக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதில் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கணினி அடையாளக் குறி) இருக்க வேண்டும்.

மச்சானிடம் சொல்லுங்கள்: அந்த நாலு நாளுக்கும் ஐஸ் பார் ஏற்றிய சீட்டு, இறக்கிய இடத்தில் கையெழுத்து வாங்கிய நோட்டு, இவற்றின் நகலை எடுத்துவைக்கட்டும். திருட்டு இல்லாத நாட்களின் சீட்டும் முக்கியம், அவர் தினமும் அந்த வழிதான் என்பதை அதுதான் காட்டும். ஐஸ் கம்பெனி வாசல் கேமராவில் ஏதாவது மிச்சம் இருந்தால் இன்றே கேட்கட்டும். மறுபடி கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேட்கலாம். சாட்சியாக என்றால் பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 179, சந்தேகத்தின் பேரில் என்றால் 35(3). எந்தப் பிரிவில் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
அண்ணன்