கோயம்புத்தூர் அளவில் செய்த கேக் ஊட்டியில் ஏன் அமுங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் பிறந்தால் நமக்கு வரும் கடிதங்களில் பாதி கேக் பற்றியவை. மீதி, புதிதாகத் திறந்த இந்த ஹோட்டலுக்குப் போகலாமா, அந்த கஃபே எப்படி என்று கேட்பவை. இரண்டையும் சேர்த்தே இந்த மாதம் எடுத்துக்கொண்டேன். ஹோட்டல் பெயரைச் சொல்லிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெயர் போடவில்லை. மலையில் ஒரு நல்ல சமையல்காரர் தீபாவளிக்கு ஒரு கடையில் இருப்பார், பொங்கலுக்குள் வேறு கடைக்குப் போயிருப்பார். அதனால் எந்தக் கடை என்பதை விட, எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோஜனம்.

அக்கா, என் தங்கை கோயம்புத்தூரில் செய்யும் அதே அளவில்தான் நானும் ப்ளம் கேக் செய்கிறேன். அவளுக்கு மேலே சமமாக வருகிறது. எனக்கு ஓவனுக்குள் அழகாக உப்பி, வெளியே எடுத்ததும் நடுவில் குழி விழுந்துவிடுகிறது. ஓரமும் காய்ந்துபோகிறது. ஓவனை மாற்ற வேண்டுமா?
– வாசகி, ஊட்டி

ஓவன் மேல் தப்பே இல்லை, மாற்றாதீர்கள். தங்கை இருப்பது 400 மீட்டர் சொச்சம் உயரத்தில், நீங்கள் 2,200 மீட்டருக்கு மேலே. இங்கே காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடரில் இருந்து வரும் வாயு வேகமாகவும் பெரிதாகவும் விரிந்துவிடும், மாவு வெந்து இறுகும் வரை காத்திருக்காது. குமிழிகள் பெருத்து உடைந்த பிறகு தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் கேக் உட்கார்ந்துவிடுகிறது. கடைசியாக வேகும் இடம் நடுப்பகுதி என்பதால் குழி அங்கேதான் விழும். அப்புறம், தண்ணீர் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் நம் வீட்டில் பருப்பு வேகாததற்கும் இதேதான் காரணம். அதனால் மாவில் இருக்கும் ஈரம் சீக்கிரம் ஆவியாகி ஓரம் காய்கிறது, ஈரம் போகப் போக சர்க்கரை அடர்த்தியாகி கேக் இறுகவிடாமல் தளர்ந்துபோகிறது.

தங்கையின் அளவு 250 கிராம் மைதாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் என்றால், நீங்கள் ஒரு டீஸ்பூன் தலைதட்டிப் போடுங்கள், போதும். ஒரு கப் சர்க்கரைக்கு ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் குறையுங்கள். பால் அல்லது ஆரஞ்சு ஜூஸ் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள், முட்டை சிறியதாக இருந்தால் ஒன்று அதிகமாகவே உடைத்து ஊற்றலாம். அவள் 160 டிகிரியில் வைத்தால் நீங்கள் 170, 175 வையுங்கள், சீக்கிரம் இறுகட்டும். அவள் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே குச்சி விட்டுப் பார்க்க ஆரம்பியுங்கள். அதற்கு முன்னால் கதவைத் திறக்கவே வேண்டாம், டிசம்பரில் நம் சமையலறையில் இருக்கிற குளிருக்கு ஒரு தடவை திறந்தாலே ஓவன் சூடு இறங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைக் கீழே இருந்து வரும் எந்த செய்முறையிலும் எழுதியிருக்க மாட்டார்கள். 'வெண்ணெயை வெளியே எடுத்து வையுங்கள், தானாக இளகிவிடும்' என்று இருக்கும். ஊட்டியில் ராத்திரி முழுக்க வெளியே வைத்தாலும் வெண்ணெய் கல்லு மாதிரிதான் இருக்கும். அதைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பாத்திரத்தின் மேல் வேறு கிண்ணத்தில் வைத்து, விரலால் அழுத்தினால் குழி விழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உருகி எண்ணெயாகக் கூடாது. முட்டையையும் உடைக்கும் முன் வெந்நீர் கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். குளிர்ந்த முட்டையை வெண்ணெயில் ஊற்றினால் கலவை திரிந்த பால் போலப் பிரிந்துவிடும், அப்புறம் எவ்வளவு அடித்தாலும் பழைய மாதிரி காற்று பிடிக்காது. ஊறவைத்த பழத்தை வடிகட்டி, ஒரு கைப்பிடி மைதாவில் பிரட்டிப் போட்டால் அடியில் போய்த் தங்காது. டின்னில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரைதான் மாவு, அதற்கு மேல் ஊற்ற வேண்டாம்.

குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் உங்களை விட முன்னூறு நானூறு மீட்டர் கீழே இருக்கிறார்கள், அவர்கள் இதே மாற்றங்களைச் சற்றுக் குறைவாகச் செய்தால் சரியாக வரும்.

எங்கள் ஊரில் இந்த வருஷம் நிறைய புது உணவகங்கள். வெளியே பார்த்தால் எல்லாமே அழகாக இருக்கின்றன, உள்ளே போனால் சிலது ஏமாற்றம். குடும்பத்தோடு போகும் முன் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், கோத்தகிரி

முதலில் ஒரு வார நாளில் மதியம் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். ஏப்ரல், மே சீசனிலும் சனி, ஞாயிறிலும் போய் எந்தக் கடையையும் எடைபோட முடியாது, டூரிஸ்ட் கூட்டத்தில் நல்ல கிச்சனும் திணறும். மெனு கார்டைப் பாருங்கள். தந்தூரி, சைனீஸ், பாஸ்தா, செட்டிநாடு, பிரியாணி என்று பத்துப் பக்கத்துக்கு இருந்தால், அத்தனையும் அன்றன்றைக்குப் புதிதாகச் செய்ய முடியாது என்பது உங்களுக்கே தெரியும். ஒரே பக்கத்தில் பதினைந்து ஐட்டம் வைத்திருப்பவர் அந்தப் பதினைந்தையும் ஒழுங்காகச் செய்ய வாய்ப்பு அதிகம். 'இன்னைக்கு என்ன நல்லா இருக்கும்?' என்று கேளுங்கள். 'எல்லாமே நல்லா இருக்கும் சார்' என்று பதில் வந்தால் யோசியுங்கள். 'சார், காலையில நல்ல பீன்ஸ் வந்திருக்கு' என்று ஒருவர் சொன்னால் அங்கே உட்கார்ந்துவிடுங்கள்.

எளிய பதார்த்தத்தை வாங்கிப் பாருங்கள் என்பேன். குறிப்பாக இட்லி. குளிர்காலத்தில் இங்கே இட்லி மாவு புளிக்க என்ன பாடு படுத்தும் என்று வீட்டில் ஆட்டும் எல்லோருக்கும் தெரியும். அடுப்புப் பக்கத்தில் வைத்து, துணி சுற்றி, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாலும் சில சமயம் பொங்காது. டிசம்பரில் ஒரு கடையில் சோடா வாசனை இல்லாமல், அமுக்கினால் எழுந்து வரும் இட்லி கிடைக்கிறதென்றால் அங்கே முதல் நாள் மதியமே யாரோ மாவைக் கவனித்திருக்கிறார்கள். அந்தக் கடையின் மற்ற சமையலையும் நம்பலாம். கஃபே என்றால் சூப். கேரட்டும் முட்டைகோசும் கூப்பிடு தூரத்தில் விளையும் ஊரில் பாக்கெட் பொடியைக் கரைத்து சூப் என்று கொடுப்பவரிடம் இரண்டாம் முறை போக எனக்கு மனசு வராது.

மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். புது உணவகம் திறப்பவர்கள் நம் மலைச் சாப்பாட்டையும் மெனுவில் ஏற்ற வேண்டும். படகர் வீட்டு அவரை உதக்க என்னும் அவரைக் குழம்பு, ராகி ஹிட்டு என்னும் களி, சாமைச் சோறு, மழைக்காலக் கீரைகள், இவற்றைச் சாப்பிட யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒன்றிரண்டு இடங்களில் இப்போது வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படி வைத்திருப்பதைப் பார்த்தால் அதையே வாங்குங்கள். கேட்டு வாங்க ஆள் இருந்தால்தான் மெனுவில் அது நிற்கும்.

மாமனார் மாமியாரோடு ஒரு புது ரெஸ்டாரண்டுக்குப் போனோம். பில்லில் ஜிஎஸ்டிக்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு 'எல்லோரும் தருகிறார்கள்' என்றார்கள். பெரியவர்கள் முன்னால் சண்டை போட மனமில்லாமல் கொடுத்துவிட்டு வந்தோம். தர வேண்டுமா?
– வாசகி, குன்னூர்

கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது: சர்வீஸ் சார்ஜை ஹோட்டல்காரர் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, தராதவரை உள்ளே விடமாட்டேன் என்றும் சொல்லக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்று தீர்ப்பளித்தது. அடுத்த முறை சண்டையே வேண்டாம், கல்லாவில் இருப்பவரிடம் போய் 'இந்த லைனை எடுத்துட்டு வேற பில் போடுங்க' என்று மெதுவாகச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லைப் போட்டோ எடுத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஜிஎஸ்டி சாதாரண உணவகத்தில் 5 சதவீதம், அதைத் தரத்தான் வேண்டும். பரிமாறியவர் நன்றாகக் கவனித்திருந்தால் அவர் கையிலேயே கொடுங்கள், அது அவருக்குப் போய்ச் சேரும்.

பன் மாவு எழும்பவே மாட்டேன் என்கிறது. ஈஸ்ட் புதுசுதான்.
– வாசகி, அருவங்காடு

குளிர்தான் காரணம். ஈஸ்ட்டை வெதுவெதுப்பான பாலில் கரையுங்கள், விரல் தாங்கும் சூடு போதும், அதற்கு மேல் போனால் ஈஸ்ட் செத்துவிடும். பிசைந்த மாவை எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி, அணைத்த ஓவனுக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு கொதிக்கும் தண்ணீரை வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். பெரிய ஹாட் பாக்ஸ் இருந்தாலும் அதே வேலையைச் செய்யும். ஆனால் ஒன்று, சூடு கிடைத்துவிட்டால் இந்த உயரத்தில் மாவு கிடுகிடுவென்று எழும்பும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள், இரண்டு மடங்கானதும் எடுத்து அமுக்கிவிட்டு இன்னொரு முறை எழும்ப விட்டால் பன் ஓட்டை ஓட்டையாக இல்லாமல் மென்மையாக வரும்.

எங்கள் வீட்டில் ரம் சேர்க்க மாட்டோம். ப்ளம் கேக்கில் ருசி குறையுமா?
– வாசகி, கொடைக்கானல்

வேறு ருசி, குறைந்த ருசி இல்லை. திராட்சை, கறுப்பு திராட்சை, செர்ரி, பேரீச்சை எல்லாவற்றையும் ஆரஞ்சு ஜூஸில் போட்டு சின்ன தீயில் ஐந்து நிமிடம் சூடாக்கி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரம்மில் ஊறியது மாதக்கணக்கில் இருக்கும், ஜூஸில் ஊறியது அப்படித் தாங்காது, இரண்டு மூன்று நாளில் கேக்காக்கிவிட வேண்டும். ஆரஞ்சுத் தோலைத் துருவிச் சேர்ப்பதும், சர்க்கரையை நல்ல காப்பி நிறம் வரும் வரை கருக்கி வெந்நீர் விட்டுச் சேர்ப்பதும் முக்கியம். வெந்நீர் ஊற்றும்போது பொங்கித் தெறிக்கும், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஹோம்மேட் சாக்லேட் வாங்கி கேக் மேல் உருக்கி ஊற்றினேன், மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டுகிறது. ஏன்?
– வாசகர், ஊட்டி

அது காம்பவுண்ட் சாக்லேட்டாக இருக்கும். உண்மையான சாக்லேட்டில் கொழுப்பு கோகோ பட்டர், அது வாய்ச்சூட்டிலேயே கரைந்துவிடும். காம்பவுண்டில் அதற்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு, விலையும் குறைவு. கடையில் 'கோகோ பட்டர் போட்டதா?' என்று நேராகக் கேளுங்கள், பாக்கெட்டில் சேர்மானம் அச்சிட்டிருந்தால் படித்துப் பாருங்கள்.

வர்க்கியை வீட்டில் செய்யலாமா?
– வாசகி, கேத்தி

அந்த அடுக்கும் மொறுமொறுப்பும் விறகு அடுப்பு பேக்கரியில்தான் வருகின்றன. வாங்கிச் சாப்பிடுங்கள், சூடான டீயோடு.

கிறிஸ்துமஸ் அன்று இரவு வெளியே சாப்பிட ஆசை. பாட்டியையும் அழைத்துப் போகிறோம். ஏதாவது யோசனை?
– வாசகர், குன்னூர்

மதியச் சாப்பாடாக மாற்றிக்கொள்ளுங்களேன். விடுமுறை வாரத்தில் மலை ஏறும் வண்டிகளால் சாயங்காலம் ரோடே நகராது, அதோடு பனிமூட்டம், வளைவில் திடீரென்று காட்டெருமை நிற்கும். இரவுதான் என்றால் ஏழு மணிக்கே டேபிள் சொல்லி வையுங்கள். போன் செய்யும்போதே படிக்கட்டு எத்தனை, டாய்லெட் அதே தளத்தில் இருக்கிறதா, உள்ளே ஹீட்டர் உண்டா என்று கேட்டுவிடுங்கள். மாடியில் கண்ணாடி போட்டு வேலி மாதிரி பூத்தொட்டி வைத்த இடமெல்லாம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், பாட்டிக்கு முழங்கால் வலிக்கும். மிச்சமானதைக் கொண்டுவர எவர்சில்வர் டப்பா இரண்டு எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் டப்பா நம் மாவட்டத்தில் தரக் கூடாது.

அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள் என்று இந்த வருஷம் கேக் செய்து விற்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் செய்தாலும் லைசென்ஸ் வேண்டுமா?
– வாசகி, கோத்தகிரி

வேண்டும். விற்பனை என்று வந்துவிட்டால் வீட்டுச் சமையலறைக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு தேவை. சிறு அளவில் செய்பவர்களுக்கு அடிப்படைப் பதிவு இருக்கிறது, அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் ஆதார், போட்டோ வைத்து விண்ணப்பிக்கலாம். 14 இலக்க எண் கிடைக்கும், அதை கேக் பெட்டியில் ஒட்டுங்கள். செய்த தேதி, முட்டை உண்டா, ரம் உண்டா, முந்திரி உண்டா என்பதையும் அதே லேபிளில் தெளிவாக எழுதுங்கள். முதல் வருஷம் ஒரே ஒரு கேக், ஒரே அளவு டின். ஆர்டரை 20-ஆம் தேதியோடு நிறுத்திவிடுங்கள், கடைசி வாரம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.