வெளிநாட்டில் உள்ளூர்க்காரர்கள் நம்மோடு ஒட்டுவார்களா? பசுமைப் பழக்கமெல்லாம் நிஜம்தானா?

கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஐரோப்பாவில் உள்ளூர் ஆட்கள் நம்மோடு ஒட்டவே மாட்டார்கள், குப்பை பிரிப்பது, சைக்கிளில் போவது எல்லாம் போட்டோவுக்குத்தான் என்று சொல்கிறார்களே, அங்கே இருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ வேலை கிடைத்து நீங்களும் கூடக் கிளம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். 2018-ல் நானும் அப்படித்தான் பொள்ளாச்சியிலிருந்து கிளம்பினேன். அதனால் உங்கள் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரே ஊர். தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள ஃப்ரைபுர்க். நம் பேக்கரிகளில் பிளாக் ஃபாரஸ்ட் கேக் விற்கிறார்களே, அந்தக் காட்டின் அடிவாரம். நாங்கள் இருப்பது வொபான் என்ற பகுதி. 1992 வரை பிரெஞ்சு ராணுவக் குடியிருப்பாக இருந்தது. இப்போது இங்கே நிறைய வீடுகளில் கார் கிடையாது. வைத்திருப்பவர்களும் பலர் ஓரத்தில் உள்ள மாடிப் பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடந்து வருகிறார்கள். மூன்றாம் எண் டிராம் ஏறினால் ஊருக்குள் போய்விடலாம். எங்களுக்கு இத்தனை வருடத்தில் கார் வாங்கவேண்டிய தேவையே வரவில்லை.

பழக்கம் என்று பார்த்தால், என்னை முதலில் மாற்றியது இட்லி ஆவி. வந்த முதல் குளிர்காலத்தில் குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவே இல்லை. தினமும் சோறு, வாரம் மூன்று நாள் இட்லி. ஜனவரியில் சமையலறைச் சுவரின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. கீழ்வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். பயந்துபோய் அவரிடம் காட்டினேன். மேலே வந்தவர் ஹீட்டர் குமிழைத் திருகி அணைத்தார், வீட்டிலிருந்த எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்தார், ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், மூடினார். அவ்வளவுதான். ஈரக்காற்று வெளியே போய்விடும், சுவரின் சூடு அப்படியே இருக்கும், அதனால் அறை சீக்கிரம் மறுபடி சூடாகிவிடும். ஜன்னலை நாள் முழுக்க லேசாகச் சாய்த்து வைத்தால்தான் சூடு வீணாகும், சுவரும் குளிர்ந்துபோகும் என்றார். அன்றிலிருந்து தினம் மூன்று வேளை செய்கிறேன். 2022-ல் எரிவாயு விலை ஏறி எல்லோரும் தவித்தபோது இந்தப் பழக்கம் எங்களுக்குக் கைகொடுத்தது.

குப்பையையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். காய்கறித் தோலுக்கு ஒரு தொட்டி, காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக் உறைகளுக்கு மஞ்சள் பை, எதிலும் சேராதது கடைசித் தொட்டிக்கு. கண்ணாடிப் பாட்டிலை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று பிரித்துத் தெருக்கோடியில் இருக்கும் பெரிய தொட்டியில் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது, சத்தம் அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யும். ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள், காலி பாட்டிலைக் கடை மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும். 2003-லிருந்து இருக்கிற முறை. நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வாங்கித் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்களே, அதே யோசனைதான்.

இப்போது நீங்கள் கேட்ட ஒட்டுவது, ஒட்டாமல் போவது. அதற்கு என் கிரைண்டர் கதையைச் சொல்லவேண்டும்.

கோயம்புத்தூரில் வாங்கி, கல்லைத் தனியாக என் பெட்டியிலும் மிச்சத்தை என் கணவர் பெட்டியிலும் வைத்துக் கொண்டுவந்த டேபிள் டாப் கிரைண்டர். 2021 கடைசியில் ஒரு சனிக்கிழமை, பாதி உளுந்து அரைக்கும்போது நின்றுவிட்டது. மோட்டார் ஓடுகிறது, டிரம் சுற்றவில்லை. இங்கே யாரிடம் காட்டுவது? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வரவழைக்கலாம் என்று என் கணவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது அம்மா வாங்கிக் கொடுத்தது.

கீழ்வீட்டு அம்மாதான் ரிப்பேர் கஃபே என்ற ஒன்றைச் சொன்னார். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்த வழக்கம், இப்போது பல ஊர்களில் நடக்கிறது. எங்கள் பக்கத்தில் மாதம் ஒரு நாள் ஒரு ஹாலில் கூடுவார்கள். வேலை தெரிந்தவர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், காசு வாங்காமல் பழுது பார்ப்பார்கள். கொடுத்துவிட்டுப் போக முடியாது, நாமும் பக்கத்தில் உட்கார்ந்து கூடச் செய்யவேண்டும். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு டிராமில் ஏற முடியாதென்று, பேரனை வைத்து இழுக்கும் சைக்கிள் டிரெய்லரை அந்த அம்மாவே கொண்டுவந்து என் சைக்கிளில் மாட்டினார். குழந்தை உட்காரும் இடத்தில் கிரைண்டரை உட்கார வைத்து, பெல்ட் போட்டு, இரண்டு பேரும் போனோம்.

எனக்கு வாய்த்தவர் பழைய மெக்கானிக். முதலில் கல்லைத் தொட்டுப் பார்த்தார். கருங்கல்லா என்று கேட்டார். அரிசியும் உளுந்தும் ஏன் தனித்தனியாக அரைக்கவேண்டும், ஏன் சூடாகக்கூடாது, மாவு எப்படிப் பொங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் அரைகுறை ஜெர்மனில் சொல்லச் சொல்ல, பக்கத்து மேஜைக்காரர்களும் வந்து நின்றுகொண்டார்கள். கழற்றிப் பார்த்தால் பெல்ட் அறுந்திருந்தது. அதன் நீளம், அகலம் எல்லாம் அளந்து குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் அதே அளவில் ஒன்பது யூரோவுக்கு ஒரு பெல்ட் வரவழைத்து வைத்திருந்தார். போட்டோம், சுற்றியது. நம்மூர் பிளக்கையும் வெட்டிவிட்டு இந்த ஊர் பிளக் மாட்டிக் கொடுத்தார். அதற்கடுத்த மாதம் அறுபது இட்லியும் தேங்காய்ச் சட்னியும் எடுத்துப் போனேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்று திரும்பும் வழியில் கீழ்வீட்டு அம்மா நின்று, கையை நீட்டி, தன் பெயரைச் சொன்னார். ஜெர்மனில் 'ஸீ' என்றால் நீங்கள், 'டூ' என்றால் நீ. நெருங்கிப் பழகலாம் என்று தோன்றினால் மூத்தவர்தான் முதலில் 'டூ' சொல்ல அழைக்கவேண்டும். மூன்று வருடம் கழித்து அவர் அழைத்தார். என் அம்மாவைவிட வயதில் பெரியவரை நீ என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. இன்றைக்கும் அந்த வார்த்தை வரும்போது மனசுக்குள் "அம்மா" என்று சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நேரம் எடுக்கும் என்பது உண்மை. மூன்று வருடம் சும்மா இல்லை. ஆனால் ஒட்ட மாட்டார்கள் என்று சொல்பவர்கள் எத்தனை பேர் அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. எங்கே போனாலும் நம் ஆட்களோடு மட்டும் இருந்துவிட்டு அப்படிச் சொல்வது நியாயமில்லை. சரி, மோசமான பேச்சும் பார்வையும் எனக்கும் கிடைத்திருக்கிறது, மறைக்கவில்லை.

ஒரு பெல்ட்டுக்காக இரண்டு மாதம் மெனக்கெட்ட அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. நான் படித்தது பிசியோதெரபி. இங்கே அந்த வேலை பார்க்க, ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் படித்தேன் என்று கல்லூரி எழுதிக் கொடுக்கவேண்டும். நாலரை வருடம் கட்டணம் கட்டிப் படித்த கல்லூரி, அந்த ஒரு தாளைக் கொடுக்கப் பதினொரு மாதம் இழுத்தது. அப்பா முட்டிவலியோடு பஸ் ஏறி ஒன்பது தடவை போனார். ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போடவேண்டியவர் லீவு. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் நீங்களும் கிளம்பும் முன்பே அந்தத் தாளை வாங்கிவிடுங்கள், பெற்றவர்களை அலைய விடாதீர்கள்.

ஜெர்மனியைத் தலையில் தூக்கி வைக்கிறேன் என்று யாராவது சொல்லலாம். இங்கேயும் நெடுஞ்சாலையில் பொதுவான வேக வரம்பு கிடையாது, இன்னும் நிலக்கரி எரிக்கிறார்கள். நானும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விமானத்தில் ஊருக்கு வருகிறேன், அதன் புகைக்கு என் குப்பைத் தொட்டிகள் ஈடாகாது. தெரிந்துதான் இருக்கிறேன். ஆனால் இங்கே சுற்றுவதற்கு விமானம் தேவைப்படவில்லை. 2022 கோடையில் மூன்று மாதம், மாதம் 9 யூரோ டிக்கெட்டில் நாடு முழுக்கச் சாதாரண ரயில்களில் போகலாம் என்று விட்டார்கள். 2023 மே மாதம் அதையே 49 யூரோவுக்கு நிரந்தரமாக்கினார்கள், பிறகு விலை ஏறியது. அதை வைத்துத்தான் டிட்டிஸே ஏரி, கைசர்ஸ்டூல் திராட்சைத் தோட்டங்கள் எல்லாம் பார்த்தோம். இலையுதிர்காலத்தில் அங்கே விவசாயிகள் தங்கள் வீட்டிலேயே நீளமான பெஞ்சு போட்டு, சொந்தத் தோட்டத்து வைனும் சாப்பாடும் விற்பார்கள். இடம் இல்லையென்றால் முன்பின் தெரியாதவர்கள் நகர்ந்து உட்கார்ந்து கூப்பிடுவார்கள். எங்களைப் போன்ற சைவக்காரர்களுக்கு பிபெலெஸ்கேஸ் என்று ஒன்று உண்டு. கெட்டித் தயிர் மாதிரி, வெங்காயம் போட்டு, வறுத்த உருளைக்கிழங்கோடு தருவார்கள். தயிர்சாதத்துக்கு ஏங்கும் நாளில் கேட்டுச் சாப்பிடுங்கள்.

கிரைண்டர் கொண்டுவருவதாக இருந்தால் கல்லைத் தனியாக எடை போட்டுக்கொள்ளுங்கள். கூடவே அந்த மாடலுக்கான பெல்ட் இரண்டு வாங்கி வாருங்கள். போன தடவை நான் ஐந்து வாங்கி வந்தேன். இரண்டை அந்த மெக்கானிக் தன் டப்பாவில் 'இட்லி' என்று எழுதி வைத்திருக்கிறார்.