வாசகர் கேள்விகள்: லுவார் கரை ஒயின்கள்

கே: பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு ஒயினுக்கென்று தனி ருசி ஏதும் உண்டா?

ப: கிடையாது, தேடவும் வேண்டாம். சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிற நதி அது. கடலோரம் நான்த் நகரைச் சுற்றி முஸ்கதே என்ற வெள்ளை ஒயின், அங்கிருந்து கிழக்கே ஆன்ஜூ, சோமூர், தூரேன் என்று போகப் போக ஷெனன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சையும் காபர்நே ஃப்ராங் என்ற சிவப்புத் திராட்சையும், இன்னும் மேலே சான்செரில் சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சை. மண், மழை, திராட்சை எல்லாமே மாறிவிடுகிறது. லேபிளில் ஊர்ப் பெயரைப் பாருங்கள்.

கே: தூரேன் பக்கத்து வெள்ளை ஒயினான வூவ்ரே ஒன்று வாங்கினேன், புளிப்பு. அடுத்தது தேனாக இனித்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ப: பாவம் அவர்! இரண்டுமே ஷெனன் பிளாங்தான். 'செக்' என்றால் இனிப்பில்லாதது, 'தெமி செக்' லேசான இனிப்பு, 'முவெல்லு' நல்ல இனிப்பு. குளிர் அதிகமான வருஷங்களில் பழம் முழுதாகப் பழுக்காது, அப்போது செக்கும் நுரைக்கும் ஒயினும்தான் அதிகம் வரும். இலையுதிர்காலம் வெயிலோடு நீண்டால் முவெல்லு. சிலர் லேபிளில் இதைப் போடுவதே இல்லை, எனக்குப் பிடிக்காத பழக்கம். கேட்டு வாங்குங்கள்.

இனிப்பில் உச்சம் பார்க்க வேண்டுமென்றால் ஆன்ஜூ பக்கம் லேயோன் என்ற கிளை நதிக்குப் போக வேண்டும். காலையில் மூடுபனி, மதியம் வெயில் என்று மாறி மாறி வருவதால் அங்கே பழத்தில் ஒரு பூஞ்சை பிடிக்கும், அது தோலைத் துளைத்து உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிச் சர்க்கரை திரண்டு நிற்கும், ஆனால் எல்லாப் பழமும் ஒரே நாளில் அப்படி ஆவதில்லை என்பதால் அதே தோட்டத்துக்குள் பல தடவை போய்ப் பொறுக்கிப் பறிப்பார்கள். கார் த ஷோம் என்ற இனிப்பு ஒயின் இப்படிப் பிறப்பதுதான். விலை அதிகம் என்று குறைபடுகிறவர்கள் அந்த வேலையை ஒரு நாள் செய்து பார்க்கலாம். ஷெனனுக்கு இயல்பிலேயே புளிப்பு ஜாஸ்தி, அதனால் திகட்டாது, பல பத்தாண்டுகள் தாங்கவும் செய்யும்.

கே: சான்செர், புய்யி ஃபூமே, என்ன வித்தியாசம்?

ப: நதிக்கு இக்கரை, அக்கரை. திராட்சை ஒன்றே, சிக்கிமுக்கிக் கல் நிலம் இரண்டு பக்கமும் உண்டு, பெயர் தெரியாமல் குடித்தால் நிபுணர்களே திணறுவார்கள். ஆனால் புய்யி ஃபூமே வெள்ளை மட்டும்தான். சான்செரில் பினோ நுவார் என்ற திராட்சையில் செய்த சிவப்பும் உண்டு. சொல்லப்போனால் 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா பூச்சி கொடிகளை அழிக்கும்வரை அங்கே சிவப்புதான் பிரதானம்.

கே: தூரேன் பக்கத்து ஷினோன் சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

ப: தாராளமாக, அரைமணி நேரம். காபர்நே ஃப்ராங் இங்கே மெலிதாக, பச்சிலை வாசனையோடு வரும், லேசான குளிர்ச்சி அதற்குப் பொருந்தும். பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான போர்தோவில் பேர்போன காபர்நே சோவின்யோன் திராட்சை இதற்கும் சோவின்யோன் பிளாங்குக்கும் பிறந்த பிள்ளை என்று 1997இல் மரபணு ஆய்வு காட்டியது. அப்பா, அம்மா இருவருமே லுவார் கரையில் விளைகிறார்கள்!

கே: முஸ்கதே குடித்தால் நாக்கில் சுருக்கென்கிறது. கெட்டுப்போனதா?

ப: பெரும்பாலும் இல்லை. லேபிளில் 'சூர் லீ' என்று இருக்கிறதா பாருங்கள். நொதித்து முடிந்த ஈஸ்ட் வண்டலின் மேலேயே குளிர்காலம் முழுக்க வைத்து, வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் நேராகப் புட்டியில் அடைப்பார்கள், அதில் கொஞ்சம் வாயு தங்கிவிடும். சிப்பியோடு சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் அந்தச் சுருக்கைத் தேடுவீர்கள்.